வீட்டுக்கு எந்த ஜன்னல் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவர் வேலை லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டத்தை நெருங்கும்போது எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுதான். ஜன்னலுக்கு மரமா, யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கா? ஸ்லைடிங்கா, கதவு போட்டதா? திருச்சிப் பக்கம் பல வருடங்களாக வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். 'கதவு ஜன்னல்' என்று நான் சொல்வது, கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் நம் பழைய வகை ஜன்னலை.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும், மாடலையா மெட்டீரியலையா?

இரண்டையும் தள்ளி வையுங்கள். ஜன்னலைத் திறந்தால் எவ்வளவு இடம் உண்மையாகத் திறக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அதற்கு முன்பே தமிழில் 'காலதர்' என்று ஒரு பெயர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்று பெயர் வைத்தவர்களுக்கு ஜன்னல் எதற்கு என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஒன்றிய மின்துறை 2018இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கிறது. திறந்த பால்கனிக்குத் திறக்கும் கதவும் இதில் சேரும். தமிழ்நாட்டுச் சமவெளி பெரும்பாலும் இந்த வகைதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஈரமான வெப்பப் பகுதிக்கு இதே ஆறில் ஒரு பங்கைத்தான் சொல்கிறது.

சரி, ஸ்லைடிங்கா, கதவு ஜன்னலா?

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் கதவு ஜன்னல். என் பதில் எப்போதும் இதுதான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கண்ணாடி உள்ள ஸ்லைடிங் ஜன்னலில் ஒன்று நகர்ந்து மற்றதன் பின்னால்தான் போய் நிற்கும். எப்படித் தள்ளினாலும் பாதி இடம் மூடியே இருக்கும். மூன்று கண்ணாடியும் மூன்று தடமும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். கதவு ஜன்னல் ஏறத்தாழ 90 சதவீதம் திறக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. நாலடிக்கு நாலடியில் இரண்டு ஜன்னல் வைத்தால் சுவரில் விட்ட திறப்பு 32 சதுர அடி. அதில் ஸ்லைடிங் போட்டால் காற்றுக்குக் கிடைப்பது 16 சதுர அடிதான், தேவைக்குக் குறைவு. கதவு ஜன்னல் போட்டால் கிட்டத்தட்ட 29. அதே சுவர், அதே லிண்டல், அதே சன்ஷேட். பூட்டிய பொருள் மட்டும் வேறு.

எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது மேற்கு அறைக்கு ஆறடி அகலத்தில் ஸ்லைடிங் வைத்தோம். அம்மா அங்கே படுத்த முதல் இரவே, "ஜன்னலத் தெறந்து விடுப்பா" என்றார். "தெறந்துதாம்மா இருக்கு" என்றேன். எழுந்து போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு நேரான பாதியைக் கண்ணாடி மறைத்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளினால் மறு பாதி அடைபட்டது. சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி, அதே திறப்பில் மூன்று கதவு ஜன்னலாக மாற்றினோம். சுவரை இடிக்கவில்லை, அளவும் மாறவில்லை. அம்மா இப்போது இரவு இரண்டு மணிக்கு மேல் மின்விசிறியைக் குறைத்துவிடுகிறார்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கதவு ஜன்னல் நன்றாகத் திறப்பது போலவே நன்றாக மூடவும் செய்யும். மூடித் தாழிடும்போது கதவு ரப்பர் பட்டியின் மேல் அழுந்தி உட்காரும். ஸ்லைடிங் நகர வேண்டும் என்பதால் அங்கே பிரஷ் போன்ற பட்டிதான் வைக்க முடியும், அதன் வழியே காற்றும் சத்தமும் கசியும். ஏசி அறைக்கும் பஸ் போகும் சாலையோர அறைக்கும் கதவு ஜன்னல்தான் மேல்.

அப்படியானால் ஸ்லைடிங்கே வேண்டாமா?

வேண்டிய இடங்கள் உண்டு. பக்கத்து மதிலுக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்துதான் என்றால், வெளியே திறந்த கதவில் நடப்பவர் தலை இடிக்கும். அங்கே ஸ்லைடிங் சரி. சமையலறை மேடைக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலில், இரண்டடி மேடையைத் தாண்டி, அடுப்புக்கு மேலே கை நீட்டிக் கதவைத் திறப்பது சிரமம், ஆபத்தும்கூட. அங்கேயும் ஸ்லைடிங். பால்கனிக்குப் போகும் பெரிய கண்ணாடிக் கதவுக்கும் அதுவே வசதி. மற்றபடி, விலை குறைகிறது என்பதற்காக மட்டும் வீடு முழுக்க ஸ்லைடிங் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிரில்லும் கொசுவலையும் வைத்தால் கதவு ஜன்னலை எப்படித் திறந்து மூடுவது?

நல்ல கேள்வி. கட்டி முடித்தபிறகு இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரிசை இப்படி இருக்க வேண்டும்: வெளியே திறக்கும் கதவு, நடுவில் கிரில், உள்ளே திறக்கும் கொசுவலைக் கதவு. வலையை உள்பக்கம் திறந்து, கம்பி வழியே கையை விட்டுக் கதவைத் தள்ளிக் கொக்கியை மாட்ட வேண்டும். வலையை ஆணி அடித்து நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் ஜன்னல் கதை முடிந்தது. ஒன்று எப்போதும் திறந்திருக்கும், இல்லையென்றால் எப்போதும் மூடியிருக்கும்.

மரத்தில் செய்தால் ஆசாரியிடம் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள், சட்டத்தில் இரண்டு பக்கமும் கதவு உட்காரும் வெட்டு வேண்டும் என்று. அதற்குச் சட்டம் அகலமாக இருக்க வேண்டும். நான் ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம் எழுதிக் கொடுப்பேன். பிறகு சொன்னால் வலைக்கதவைச் சட்டத்தின் மேல் ஒட்டுப் போட்டு மாட்டுவார்கள், இரண்டு மழைக்காலத்தில் தொங்கிவிடும்.

ஸ்லைடிங்கில் வலைக்குத் தனித் தடம் வரும். 'மூன்று தட ஸ்லைடிங்' என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தால், அது மூன்று கண்ணாடியா, இரண்டு கண்ணாடியும் ஒரு வலையுமா என்று கேளுங்கள். இரண்டாவதாக இருந்தால் திறப்பு பழையபடி பாதிதான்.

கொசுவலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும். அதற்காக வலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. வலை தின்னும் காற்றையும் சேர்த்து ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். நைலான் வலையை எலி கடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை நெடுநாள் வரும்.

எந்தத் திசைச் சுவரில் எந்த ஜன்னல்?

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆனால் மனைப்படத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மாடல் படத்தைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

மேற்கு வெயில்தான் நமக்குப் பெரிய எதிரி. மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து சாய்வாக அடிப்பதால் இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்காது. தெற்கில் அப்படி இல்லை. நண்பகலில் சூரியன் உயரத்தில் இருக்கும், சன்ஷேடே போதும். வடக்கில் வெயிலே வராது என்று பலர் நம்புகிறார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். கிழக்கு வெயில் காலையில் இதமானது, சித்திரை வைகாசியில் ஒன்பது மணிக்கே சுடும்.

வெயிலை மட்டும் பார்த்து மேற்குச் சுவரை அடைத்துவிடாதீர்கள். கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும், தென்காசி, செங்கோட்டைக்கு ஆரியங்காவு வழியாகவும் ஆனி ஆடியில் வரும் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பேச்சு அந்தக் காற்றைப் பற்றியது. அங்கே மேற்கில் உயரமான, குறுகிய கதவு ஜன்னல்களாக வைத்து வெளியே மூங்கில் தட்டியோ ஒரு மரமோ வைத்தால் காற்று வரும், வெயில் வராது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற இடங்களில் கோடை மதியத்தின் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கச் சுவரை அலமாரி அடித்து மூடிவிட்டு, பிறகு ஏசி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேற்குச் சூட்டுக்கு உள்ளே கனமான திரை போடலாமே என்பார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுட வைத்து, திரை அறையைச் சுட வைக்கும். தடுப்பதைக் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும்.

வாஸ்துப்படி வைக்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பெரியவர்கள் மனம் நிறைவது முக்கியம். வடக்கிலும் கிழக்கிலும் நிறையத் திறப்பு என்ற அவர்கள் விருப்பம் வெயில் கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில், ஜன்னலை அடைப்பதற்குப் பதில் ஓரமாக நகர்த்தலாமா, உயரமாக வைக்கலாமா என்று கேளுங்கள். அநேகமாக ஒப்புக்கொள்வார்கள்.

ஓர் அறைக்கு ஒரே வெளிச்சுவர்தான் இருக்கிறது. பெரிய ஜன்னலாக ஒன்று வைக்கலாமா?

ஒரே பெரிய ஜன்னலைவிட, அதே சுவரில் இரண்டு மூலையிலும் தள்ளித் தள்ளி இரண்டு கதவு ஜன்னல் நல்லது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திறந்த கதவு வெளியே ஒரு சிறகு போல நீட்டிக்கொண்டு நிற்கும். காற்று சுவரை ஒட்டி ஓடும்போது அந்தச் சிறகு அதைத் தடுத்து உள்ளே திருப்பும். காற்று போகும் பக்கத்து ஓரத்தில் கீல் இருந்தால் காற்றை வாங்கும், வரும் பக்கத்தில் இருந்தால் தள்ளிவிடும். கீல் எந்தப் பக்கம் என்று ஆசாரி கேட்கும்போது "எப்படியாவது வையுங்க" என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், அறைக்கதவுக்கு மேலே ஒரு வெண்டிலேட்டர் வைத்துக் கூடத்துப் பக்கம் திறந்து விடுங்கள். வந்த காற்று வெளியே போக வழி இல்லையென்றால் புதுக் காற்று உள்ளே வராது.

ஒரே ஜன்னலில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு வைத்த பழைய வகை இப்போது சரிப்படுமா?

மிக நன்றாகச் சரிப்படும். எனக்கு மிகவும் பிடித்த ஜன்னலும் அதுதான். செட்டிநாட்டிலும் தஞ்சாவூர்ப் பக்கமும் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். தெருவில் போகிறவர் பார்வை படாமல் இருக்கக் கீழ்க்கதவை மூடிக்கொண்டு, மேலே மட்டும் திறந்து வெளிச்சமும் காற்றும் வாங்கலாம். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்தால் கீழ்க்கதவைத் திறந்துகொள்ளலாம், காற்று உடம்பின் மேல் தவழும். இன்றைய மூன்றடி உயரச் சில்லுக்கு (ஜன்னலின் அடித்திட்டு) மேல் வைக்கும் ஜன்னலில் காற்று தூங்குகிறவர் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. தெருவைப் பார்த்த முன்னறைக்கு இரண்டடி உயரத்திலிருந்து ஏழடி லிண்டல் வரை இப்படி ஒன்று செய்து பாருங்கள். யுபிவிசியிலும் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துச் செய்கிறார்கள்.

பாத்ரூமுக்குக் கண்ணாடித் தகடுகளை அடுக்கிய லூவர்தானா?

வழக்கம் அதுதான். மூடினாலும் கொஞ்சம் காற்று கசிவது பாத்ரூமுக்கு நல்லதே. கண்ணாடித் தகடுகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிவிட முடியும் என்பதால் கிரில் இல்லாமல் வைக்காதீர்கள். மேலே கீல் வைத்துக் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னலும் அங்கே அருமையாக வேலை செய்யும். மழையிலும் திறந்து வைக்கலாம், சுத்தம் செய்வதும் சுலபம். அளவு எதுவானாலும் விதிப்படி 0.37 சதுர மீட்டருக்கு, ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடிக்கு, குறையக் கூடாது. ஒன்றரைக்கு ஒன்று என்று மேஸ்திரி துளை விடுவதைப் பல இடங்களில் திருத்தியிருக்கிறேன்.

மாடிப்படியில் இரண்டு மாடி உயரத்துக்குத் திறக்காத கண்ணாடி வைக்க ஆசை.

கிழக்கு அல்லது வடக்கு என்றால் வைக்கலாம், உச்சியில் திறக்கும் ஒரு பகுதியோடு. சூடான காற்று மேலே ஏறும், அது வெளியேற அந்த உச்சிதான் வழி. மேற்கில் வேண்டாம். வெளிப்பக்கத்தை எப்படித் துடைப்பது என்பதையும் முன்பே யோசியுங்கள். பெரிய கண்ணாடிக்கு டஃபண்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) வகைதான் போட வேண்டும். அதைப் பிறகு வெட்டிச் சரிசெய்ய முடியாது, அளவு ஒருமுறையே சரியாக எடுக்கப்பட வேண்டும்.

மரமா, யுபிவிசியா, அலுமினியமா?

மூன்றிலும் நல்லதும் மட்டமானதும் கிடைக்கிறது.

மரம் தேக்கு, வேங்கை என்று நன்கு உலர்ந்ததாகக் கிடைத்தால் தலைமுறைகளுக்கு வரும். ஐப்பசி மழையில் உப்பி இறுகும், சித்திரையில் சுருங்கும். இறுகுகிறதே என்று மழைக்காலத்தில் நிறைய இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி விழும், பொறுங்கள். சுவரோடு ஒட்டும் பக்கத்துக்குக் கரையான் மருந்து அடித்த பிறகுதான் சட்டத்தை நிறுத்த வேண்டும்.

யுபிவிசி துருப்பிடிக்காது, கரையான் தொடாது. கடலோரத்துக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புக் குழல் கொடுத்திருக்கிறார்களா என்று வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது இல்லாத பெரிய ஜன்னல் சில வருடத்தில் வளையும். சென்னைக்குக் கட்டடக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தாவும் 2018 நவம்பரில் கஜாவும் வந்து போன கரை இது. உயர மாடியில் வைப்பவர்கள், அந்தக் காற்றைத் தாங்கும் என்று விற்பவரிடம் எழுதி வாங்குவது நல்லது.

அலுமினியம் மெல்லிய சட்டத்தில் அதிகக் கண்ணாடி தரும், வெப்பத்தையும் அப்படியே கடத்தும். கடற்கரைப் பக்கம் பூச்சு நன்றாக இருந்தாலும் திருகாணி துருவேறிக் கறை வழியும். எல்லா ஆணியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள்.

விலை கேட்கும்போது சதுர அடி விலையோடு நிற்காதீர்கள். கிரில், வலை, பொருத்துக்கூலி, வரி எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

ஜன்னல் வழியே மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது. எந்த மாடல் மாற்றினால் நிற்கும்?

மாடலை மாற்றும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். சில்லில் போட்ட கிரானைட் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா? சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி, தண்ணீர் சொட்டி விழ ஒரு கோடு போல பள்ளம் எடுத்திருக்கிறார்களா? அது இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடி வந்து சுவரில் இறங்கும். மூன்றாவது, ஸ்லைடிங் என்றால் கீழ்த்தடத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகள். புரட்டாசி முடிவதற்குள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுத்தம் செய்துவிடுங்கள். பாதிப் புகார்கள் அதோடு தீர்ந்துவிடுகின்றன.

இரட்டைக் கண்ணாடி அவசியமா?

பகலெல்லாம் ஏசி ஓடும் அறைக்கும், ரயில் பாதைக்கு அருகிலுள்ள வீட்டுக்கும் யோசிக்கலாம். திறந்து வைக்கப்போகும் ஜன்னலுக்கு அந்தப் பணம் வீண்.

சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். கிரில் எப்படி இருக்க வேண்டும்?

செங்குத்துக் கம்பிகள், நடுவில் நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். படுக்கைக் கம்பிகளும் பூ டிசைனும் ஏணி போல ஆகிவிடும். மாடி வீட்டில் ஏதாவது ஒரு கிரில் மட்டும் கீல் வைத்துப் பூட்டித் திறப்பதாக இருக்கட்டும். தீ விபத்து நேர்ந்தால் வெளியேற அதுதான் வழி. சாவி அந்த ஜன்னல் அருகிலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

அபார்ட்மென்ட் வாங்கியிருக்கிறோம். எல்லாம் ஸ்லைடிங். மாற்ற முடியுமா?

வெளித்தோற்றம் மாறும் என்பதால் சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதே நிறம், அதே சட்டக்கோடு என்று வரைந்து காட்டினால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால் படுக்கையறையில் மட்டும் மூன்று கண்ணாடி, மூன்று தடமாக மாற்றக் கேளுங்கள். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்காவது கிடைக்கும்.

தாத்தா வீட்டை இடிக்கிறோம். அந்த ஜன்னல்களைப் புது வீட்டில் வைக்கலாமா?

தயவுசெய்து வையுங்கள். ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம் இனி வளையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவும் ஜன்னலும் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். உங்களுக்கு அது வீட்டிலேயே இருக்கிறது.

இடிக்கும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லி, சுற்றியுள்ள சுவரை உடைத்து ஜன்னலைச் சட்டத்தோடு முழுதாக இறக்கச் சொல்லுங்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் மூலை இணைப்பு விட்டுப்போகும். சட்டத்தின் அடிக்கட்டையைத் தட்டிப் பாருங்கள். சத்தம் பொத்தென்று வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கும், அந்தக் கட்டையை மட்டும் ஆசாரி மாற்றிக் கொடுப்பார். பிறகு ஒவ்வொன்றையும் அளந்து, அந்த அளவை வரைபடம் போடுகிறவரிடம் சுவர் எழும்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். பழைய ஜன்னல் புதுத் திறப்புக்கு ஓர் அங்குலம் பெரிதாக இருக்கிறதென்று சட்டத்தை அறுக்கிற நிலைமை வரக் கூடாது.